யாழ்ப்பாணம் பழைய கச்சேரி

யாழ்ப்பாணம் பழைய கச்சேரி, கண்டி வீதியில் சுண்டிக்குளிப் பக்கமாக, பழைய பூங்காவை ஒட்டி நிற்கும் பிரித்தானியர் காலத்து அரசாங்கப் பணிமனை. போரில் கூரை போய்விட்டது. மிஞ்சிய சுவர்களின் வெடிப்புகளில் செடிகொடிகள் வேரோடியிருக்கின்றன. கட்டிடக்கலை பார்க்கவென்று வருகிறவர் கொஞ்சம் ஏமாறக்கூடும். இந்த இடத்தின் பெயர் நிலைத்தது, இதன் வாசலில் வந்து நின்றவர்களால்.

1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பிடித்த பிரித்தானியர், நாளடைவில் சிவில் நிர்வாகத்தின் மையத்தைச் சுண்டிக்குளிப் பக்கம் கொண்டுவந்தார்கள். அந்தக் கதையின் நடுநாயகம் பேர்சிவல் அக்லண்ட் டைக். 1829இல் யாழ்ப்பாணத்துக்குக் கலெக்டராக வந்து, 1833இல் வடமாகாணம் உருவான பின் அதன் அரசாங்க அதிபராகி, 1867இல் இறக்கும்வரை வடக்கை ஆண்டவர். ஆண்டவர் என்ற சொல் இங்கே மிகையல்ல. ‘வடக்கின் ராஜா’ என்றே அவரை அழைத்தார்கள். அன்றைய வடமாகாணம் இன்றையதைவிட மிகப் பெரியது. 1873இல் வடமத்திய மாகாணம் பிரியும்வரை அநுராதபுரமும் அதற்குள் இருந்தது. நுவரகலாவியக் குளங்களின் சங்கதியும் தீவகத்துக் காணிப் பிணக்கும் ஒரே அதிகாரியின் கையெழுத்துக்குக் காத்துக்கிடந்த காலம் அது. பூங்காவும் அதிலிருந்த அதிபரின் வாசஸ்தலமும் டைக் விட்டுச்சென்றவை. இன்றைய யாழ். போதனா வைத்தியசாலையின் தொடக்கமான 1850ஆம் ஆண்டு மருத்துவமனைக்கும் அவர் ஆதரவு இருந்தது.

கச்சேரியின் கை ஊருக்குள் நீண்டது தலைமைக்காரர்கள் வழியாக. கிராமத்தில் விதானையார், அவருக்கு மேல் உடையார், அதற்கும் மேல் மணியகாரர். உச்சியில் அரசாங்க அதிபர். விதானையாரோடு ஒத்துப்போகாதவருக்கு மிஞ்சிய வழி, பெட்டிசம் எழுதுவிப்பவரைத் தேடிப் போவதுதான். தலைமைக்காரர் முறை 1963இல் ஒழிந்து, கிராம சேவகர் வந்தார்.

டைக்குக்குப் பின் நெடுங்காலம் இருந்தவர் வில்லியம் துவைனம். 1869 முதல் 1896 வரை அதிபராக இருந்து, ஓய்வுபெற்ற பிறகும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகாமல் இங்கேயே காலமானார். வெளியுலகம் அறிந்த பெயர் என்றால் அது இன்னொருவருடையது: பின்னாளில் வேர்ஜினியா வூல்ஃபின் கணவரான லெனார்ட் வூல்ஃப். வடக்கு ரயில்பாதை முழுமையடையாத 1905 ஜனவரியில், மாட்டுவண்டித் தபாலில் வந்து சேர்ந்த இளம் உத்தியோகத்தர் அவர். பெட்டியில் வால்டேரின் 90 தொகுதிகள் இருந்தன, கூடவே ஒரு நாயும் வந்தது. தங்கியது கோட்டைக் கொத்தளத்து மேலிருந்த பங்களாவில். ஒருநாள் குதிரையில் அதிபரோடு போகையில், வீதிக்குள் நீட்டிக் கட்டியிருந்த விறாந்தைகளைச் சவுக்கால் சுட்டிக் காட்டினார். அந்நேரம் வண்டியில் வந்த பெயர்பெற்ற வழக்கறிஞர் ஒருவர், தன் முகத்தில் வேண்டுமென்றே அடிக்கப் பார்த்தார் என்று முறையிட, விஷயம் மேலிடம்வரை போனது. வூல்ஃப் குற்றச்சாட்டை மறுத்தார். ஆனாலும் தான் அங்கே யாராக இருக்கிறோம் என்று அவரை யோசிக்கவைத்த சம்பவங்களில் அதுவும் ஒன்று. யாழ்ப்பாண நாட்களை விவரிக்கும் அவருடைய சுயசரிதைத் தொகுதி 1961இல் வெளிவந்தது.

அதே 1961இல்தான் கச்சேரி வாசல் தன் மிகப் பெரிய கூட்டத்தைக் கண்டது. தனிச்சிங்களச் சட்டம் அவ்வாண்டுத் தொடக்கத்திலிருந்து நிர்வாகத்தில் முழுமையாக நடைமுறைக்கு வரவே, சா. ஜே. வே. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சி பெப்ரவரி 20ஆம் திகதி இங்கே சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியது. வாயில்களை மறித்து நிலத்தில் உட்கார்ந்தார்கள். பொலிஸார் தூக்கி அப்புறப்படுத்தினார்கள், தடியால் அடித்தார்கள். மறியல் கலையவில்லை. பெண்கள் பெருந்தொகையாக வந்து சேர்ந்தார்கள். மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியாக் கச்சேரிகளுக்கும் போராட்டம் பரவியது. ஒரு கோப்பும் நகராமல் ஓர் அரசாங்கத்தை நிறுத்திவைக்க வாசலே போதும் என்று காட்டிய வாரங்கள் அவை. ஏப்ரல் 14ஆம் திகதி கட்சி தன் சொந்த முத்திரைகளோடு தபால் சேவையையே ஆரம்பித்தது. அரசாங்கம் பொறுத்தது அவ்வளவுதான். 17ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது, இராணுவம் இறங்கியது, தலைவர்கள் தடுப்புக்காவலுக்குப் போனார்கள்.

கட்டிடத்தைக் குலைத்தது அதற்குப் பின்வந்த போர். இப்போது நிர்வாகம் கண்டி வீதியிலேயே உள்ள மாவட்டச் செயலகத்தில் நடக்கிறது. ஆனால் சனம் இன்னமும் “கச்சேரிக்குப் போறன்” என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டு வெளிக்கிடுகிறது. வடமாகாண ஆளுநரின் செயலகம் பழைய பூங்காப் பகுதியிலேயே இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் 1823இல் தொடங்கிய பரியோவான் கல்லூரி, 1896இல் தொடங்கிய சுண்டிக்குளி மகளிர் கல்லூரி, புனித யோவான் ஆலயம் ஆகியவை உள்ளன. மேற்கே நகரத்துக்குள் போனால், 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கை வந்ததன் நினைவாகக் கட்டிய மணிக்கூட்டுக் கோபுரமும், 1981இல் எரிக்கப்பட்டுப் பின் புதுப்பிக்கப்பட்ட பொது நூலகமும், கோட்டையும் வரும். வடக்கே நல்லூர்ப் பக்கம் போகும் வீதிக்குக் கச்சேரி–நல்லூர் வீதி என்று பெயர்.