சிப்பாய்க் கவிஞர் ஐசக் ரோசன்பர்க்: போர்க்கவிதையும் படைப்படிநிலையும்

முதல் உலகப்போர்க்கால ஆங்கிலக் கவிஞர்களுள் பெரிதும் பேசப்படும் ரூபர்ட் புரூக், சீக்ஃபிரீட் சசூன், வில்ஃபிரட் ஓவன் ஆகிய மூவரும் படை அதிகாரிகள். ஐசக் ரோசன்பர்க் (1890–1918) இறுதிவரை சாதாரணச் சிப்பாய். இவ்வேறுபாடு அவர்தம் கவிதையின் உருவாக்கத்தில் கொண்ட பங்கை இக்கட்டுரை ஆராய்கிறது.

லித்துவேனியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பத்தில் பிரிஸ்டலில் பிறந்து, கிழக்கு இலண்டனின் வறுமையில் வளர்ந்தவர் ரோசன்பர்க். 14 வயதில் பள்ளிப்படிப்பை விட்டு அச்சுத்தகடு செதுக்கும் தொழிலுக்குச் சென்றார். பின்னர்ப் புரவலர் உதவியால் ஸ்லேடு ஓவியப்பள்ளியில் பயின்றார். ஓவியமும் கவிதையும் சோறு போடவில்லை. 1915 அக்டோபரில் படையில் சேர்ந்தமைக்கு நாட்டுப்பற்று காரணமன்று என்பது அவருடைய கடிதங்களால் தெளிவாகும். சிப்பாயின் குடும்பத்திற்கு அரசு வழங்கும் படித்தொகை தாய்க்குக் கிடைக்கும் என அவர் எண்ணினார். குள்ளமானவர் ஆதலின், உயரம் குறைந்தோருக்கென அமைக்கப்பெற்ற 'பேண்டம்' படைப்பிரிவிலேயே இடம் கிடைத்தது.

1916இல் பிரான்சின் போர்முனையை அடைந்தார். அங்கே எழுதுவதற்குத் தனியிடமோ ஓய்வோ இல்லை. கிடைத்த தாள் துண்டுகளில் பென்சிலால் எழுதி அனுப்பினார்; தமக்கை தங்கையருள் ஒருவரான ஆனி அவற்றைத் தட்டச்சு செய்தார். சிப்பாய்களின் கடிதங்களை அதிகாரிகள் படித்துத் தணிக்கை செய்த காலம் அது. இத்தகைய குப்பைகளைப் படித்துக்கொண்டிருக்க இயலாதென்று கூறி, கவிதைகளை வீட்டிற்கு அனுப்பத் தமக்குத் தடைவிதிக்கப்பட்டதை அவரே ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார்.

இவ்விடத்தில் 1917இல் எழுதப்பெற்ற 'டெட் மேன்ஸ் டம்ப்' என்னும் கவிதை கூர்ந்து நோக்கத்தக்கது. அப்போது அவர் முள்கம்பிச் சுருள்களை வண்டியிலேற்றி முன்னணிக்குக் கொண்டுசெல்லும் பணியில் இருந்தார். வழியில் கிடந்த பிணங்களின்மீது சக்கரங்கள் ஏறிச்சென்றன. கவிதையின் மையக்காட்சி அதுவே. ஓவனின் கவிதைகளில் இறப்போர்பால் இரக்கம் கொள்ளும் குரல் ஓங்கி ஒலிக்கும். ரோசன்பர்க்கின் குரலோ வண்டியோடு செல்கிறது. எலும்பு நொறுங்கும் ஓசைக்கு அதுவும் பொறுப்பாகிறது. இதனை ஓவியரின் புறநோக்கு என்று மட்டும் விளக்குவது போதாது. சுமைதூக்கும் உடலின் அறிவு இதில் உள்ளது என்பதே எம் கருத்து.

1918 ஏப்ரல் 1 அன்று அராஸ் அருகே அவர் கொல்லப்பட்டார். கோர்டன் பாட்டம்லி பதிப்பித்த தொகுப்பு 1922இல் வெளிவந்தது. 1937இல் வெளியான முழுத்தொகுப்பிற்கு முன்னுரை வழங்கியவர், முன்னாள் அதிகாரியான சசூன்.