அமெரிக்காவில் கடன் அறிக்கையைப் பார்க்கும் உரிமை

ஒருவர் வாங்கிய கடன்களையும் அவற்றைத் திருப்பிச் செலுத்திய விதத்தையும் காட்டும் பதிவே கடன் அறிக்கை ஆகும். அமெரிக்காவில் இத்தகைய விவரங்களைத் திரட்டி விற்கும் தொழில் 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. ஆனால் பதிவுக்கு உரியவர் அதைப் பார்க்கும் உரிமை மிகத் தாமதமாகவே கிடைத்தது.

1899இல் அட்லாண்டாவில் தோன்றிய ரீடெயில் கிரெடிட் நிறுவனம், பின்னாளில் ஈக்விஃபாக்ஸ் எனப் பெயர் மாறியது. அதன் விசாரணையாளர்கள் அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு, ஒருவரின் குடிப்பழக்கம், நடத்தை ஆகியவற்றையும் கோப்பில் எழுதினர். தவறான ஒரு குறிப்பால் கடன், காப்பீடு, வேலை எதுவும் கைநழுவலாம். பாதிக்கப்பட்டவருக்குக் காரணமே தெரியாது.

செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மையரின் முயற்சியால் 1970இல் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் இயற்றப்பட்டது. பிழையை மறுத்து மறுவிசாரணை கோரும் உரிமையை அது வழங்கியது. எனினும் கோப்பின் சாரத்தைத் தெரிவித்தாலே போதும் என்றிருந்தது. கடன் மறுக்கப்படாதவர் அதற்கும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. கோப்பிலுள்ள விவரங்கள் அனைத்தையும் காட்ட வேண்டும் என்ற விதி 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது.

கட்டணத் தடையை முதலில் நீக்கியவை மாநிலங்களே. வெர்மான்ட், மேரிலாந்து, மாசசூசெட்ஸ், ஜார்ஜியா முதலியவை ஆண்டுதோறும் இலவச அறிக்கை பெற வழிசெய்தன. 2003ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் இதை நாடு முழுமைக்கும் விரிவாக்கியது.

2017இல் ஈக்விஃபாக்ஸிலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. அறிக்கையைப் பார்ப்பது மட்டும் போதாது, பிறர் பார்க்காதபடி முடக்கவும் வேண்டும் என்பது அப்போது தெளிவானது. இதிலும் கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் முன்பே வழிகாட்டியிருந்தன. 2018 செப்டம்பர் முதல் கடன் அறிக்கையை முடக்குவது நாடெங்கும் இலவசமானது.