மணவாளக்குறிச்சி மணலும் பி53 புரதமும்: ஒரு வரலாற்று நோக்கு

1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். கயிற்றில் ஒட்டிக்கொண்டு கப்பலேறிய மணல்தான் அவருக்குத் துப்புக் கொடுத்தது என்பார்கள். அன்று காஸ் விளக்கின் மேன்டிலுக்கு மோனசைட்டிலுள்ள தோரியம் வேண்டியிருந்தது. சில ஆண்டுகளிலேயே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. மணவாளக்குறிச்சி கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் வட்டத்து ஊர். ஆனாலும் கருமணலைப் பற்றிய பேச்சு இன்று மாவட்டம் முழுமைக்கும் பொது.

கதிரியக்கத் தனிமமான தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். தலைமுறை தலைமுறையாக அந்த மணலில் வலை உலர்த்துகிறவர்களின் உடலுக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியை, இதே மணற்பட்டையின் வடபகுதியான கருநாகப்பள்ளியில் விரிவாக ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்த அந்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. இயற்கைக் கதிரியக்கத்தால் புற்றுநோய் மிகுந்ததாக அதில் தெரியவில்லை. ஆனால், ஒரு செல் இந்தச் சிறு கதிர்வீச்சை எப்படி எதிர்கொள்கிறது என்பதைத் தலைக்கணக்கு சொல்லாது. அதற்கு வேறொரு வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

1979-இல் டேவிட் லேன், ஆர்னால்டு லெவின் உள்ளிட்டோரின் குழுக்கள், குரங்கு வைரஸ் ஒன்றின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு செல் புரதத்தைத் தனித்தனியே கண்டன. ஜெல்லில் அது 53 ஆயிரம் டால்டன் எடை காட்டியதால் பி53 ஆயிற்று. உண்மை எடை 44 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. பெயரை யாரும் திருத்தவில்லை. பத்தாண்டுக் காலம் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவே கருதினார்கள். ஆய்வகங்களில் கைமாறிய மரபணுப் படிகள் பலவும் திரிபுற்றவை என்று தெரிந்ததும், 1989-இல் கதை தலைகீழானது: பி53 புற்றைத் தடுக்கும் புரதம். அது டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட வரிசைகளில் அமர்ந்து பிற மரபணுக்களை இயக்கும் படியெடுப்புக் காரணி என்பது 1990-91-இல் உறுதியாயிற்று. காமாக் கதிர் பட்டதும் செல்லில் பி53 பெருகுவதை 1991-இல் மைக்கேல் காஸ்தான் குழு காட்டியது. செல் பிரிவதை நிறுத்தும் பி21 மரபணுவை அது இயக்குவது 1993-இல் தெரிந்தது.

இவ்வளவையும் சோதித்துப் பார்க்கத் தூய புரதம் வேண்டும். இயல்பான செல்லில் பி53 மிகக் குறைவு. உண்டான சில நிமிடங்களிலேயே எம்.டி.எம்.2 என்ற புரதம் அதை அழிவுக்கு அனுப்பிவிடும். ஆகவே மனித மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி, 393 அமினோ அமிலங்களும் கொண்ட புரதத்தை அதையே செய்யவைத்தார்கள். 1980-களில் வந்த இரண்டு நுட்பங்கள் இதற்குக் கைகொடுத்தன: பாக்டீரியாவில் புரதத்தை மிகுதியாக உண்டாக்கும் டி7 முறையும், ஹிஸ்டிடின் வால் சேர்த்து நிக்கல் பத்தியில் பிடிக்கும் முறையும்.

ஆனால் பி53 எளிதில் வழிக்கு வருகிற புரதமல்ல. டி.என்.ஏ.வைப் பற்றும் அதன் நடுப்பகுதி துத்தநாகத்தை நம்பி நிற்பது. 37 டிகிரியில் சுமார் ஒன்பது நிமிடத்தில் பாதி குலைந்துவிடும். பாக்டீரியாவைக் குளிர்வித்து வளர்ப்பது ஒரு வழி. கேம்பிரிட்ஜில் ஆலன் ஃபெர்ஷ்ட் குழு 1998-இல் நான்கு அமினோ அமிலங்களை மாற்றி அதை உறுதிப்படுத்தியது இன்னொரு வழி. வேறொரு குறையும் உண்டு. கதிர்பட்ட மனிதச் செல்லில் ஏ.டி.எம். நொதி பி53-இன் 15-ஆம் இடத்துச் செரினில் பாஸ்பேட்டை ஏற்றும். அந்த நொதி பாக்டீரியாவில் இல்லை. சோதனைக் குழாயில் நொதியைத் தனியே சேர்க்க வேண்டும், அல்லது பூச்சிச் செல்களில் புரதத்தைத் தயாரிக்க வேண்டும். பட்டியலில் விலை பார்த்து வாங்குகிற ஆய்வு மாணவர் முதலில் கேட்க வேண்டியது, புரதம் எந்தச் செல்லில் உருவானது என்பதையே.

இந்தியாவிலும் இத்துறையில் பணி நடந்திருக்கிறது. பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்தில் தபஸ் குண்டு குழு, பி.சி.4 என்ற துணைப் புரதம் பி53-ஐ டி.என்.ஏ.வில் நன்கு அமரவைப்பதை 2004-இல் காட்டியது.

குழாயிலுள்ள புரதத்தைக் கொண்டு மணவாளக்குறிச்சிக்காரரின் உடல்நிலையைச் சொல்லிவிட முடியாது. அதன் பயன் அளவுகோலாக நிற்பதில்தான் இருக்கிறது. ஒருவரின் இரத்தச் செல்லில் பி53 எவ்வளவு என்று எலிசா முறையில் அளக்க, அளவு தெரிந்த தூய புரதத்தை ஒப்பாக வைக்க வேண்டும். அது சரியில்லையென்றால் இரண்டு ஊர்களின் எண்களை ஒப்பிடுவதே வீண்.

கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு அண்மையில் எழுந்த எதிர்ப்பில் புற்றுநோய் அச்சமே முன்னின்றது. அச்சம் வீண் என்று கருநாகப்பள்ளியைக் காட்டி அதிகாரிகள் சொல்வது போதாது. இந்தக் கரையின் குடும்பங்களை, அவர்களின் இசைவோடு, செல் அளவிலும் புள்ளிவிவர அளவிலும் சேர்த்து ஆராய வேண்டும். முடிவு எதுவானாலும் அதை முதலில் அவர்களிடம் தமிழில் சொல்ல வேண்டும். நாகர்கோவில் கல்லூரிகளின் உயிரியல் துறைகள் இதைக் கையிலெடுக்கலாம்.