ஹிட்லரைப் பார்த்துச் சிரிக்கலாமா?

துன்பம் வந்தால் சிரித்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார் வள்ளுவர். ஆனால் அது துன்பப்படுகிறவனுக்குச் சொன்ன யோசனை. அடுத்தவன் துன்பத்தை வைத்து மற்றவர்கள் சிரிக்கலாமா என்பது வேறு கேள்வி. எங்காவது பெரிய விபத்தோ படுகொலையோ நடந்தால், கண்ணீர் காய்வதற்குள் அதைப் பற்றி ஒரு ஜோக் கிளம்பிவிடுகிறது. ஒருவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். இன்னொருவர் "இதிலுமா விளையாட்டு?" என்று சீறுகிறார்.

இந்தச் சண்டை இன்று நேற்று தொடங்கியதல்ல. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே ஹிட்லரையும் நாஜிகளையும் வைத்து நகைச்சுவைப் படங்கள் வந்தன. அவை பட்ட பாட்டைப் பார்த்தால், ஒரு ஜோக் யாரைப் புண்படுத்துகிறது, ஏன் புண்படுத்துகிறது என்பது ஓரளவு விளங்கும்.

நான்கு நாள் மூத்தவர்

சார்லி சாப்ளின் பிறந்தது 1889 ஏப்ரல் 16. ஹிட்லர் பிறந்தது அதே ஆண்டு ஏப்ரல் 20. இருவருக்கும் ஒரே மாதிரி குட்டி மீசை. சாப்ளினுடையது ஒட்டு மீசை, அவ்வளவுதான் வித்தியாசம்! இந்த ஒற்றுமையை வைத்தே 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தை எடுத்தார் சாப்ளின். சர்வாதிகாரி ஹிங்கெல், அவரைப் போலவே முகம் கொண்ட ஓர் ஏழை யூத முடிதிருத்துபவர் என்று இரண்டு வேடமும் அவரே.

படத்துக்கான வேலைகள் நடந்தபோது ஹிட்லரைச் சீண்டக் கூடாது என்பதுதான் பிரிட்டிஷ் அரசின் கொள்கை. இந்தப் படத்தை அங்கே திரையிட விடமாட்டார்கள் என்ற நிலை இருந்தது. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியது. சில நாட்களில் படப்பிடிப்பும் தொடங்கியது. 1940 அக்டோபரில் படம் அமெரிக்காவில் வெளியானபோது, லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசிக்கொண்டிருந்தன. தடை என்ற பேச்சே காணாமல் போனது. பிரிட்டனில் படம் சக்கைப்போடு போட்டது. ஜோக் அதே ஜோக்தான். சுற்றியிருந்த உலகம்தான் மாறியிருந்தது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. படத்தில் அந்த முடிதிருத்துபவரை வதை முகாமுக்கும் அனுப்புகிறார்கள். அந்தக் காட்சியும் சிரிப்பாகவே போகிறது. 1940-இல் முகாம் என்றால் ஆட்களை அடைத்து வைத்து அடித்து உதைக்கும் இடம் என்ற அளவில்தான் வெளியுலகம் அறிந்திருந்தது. சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட கொடுமை முழுதாகத் தெரியவந்தது போர் முடிந்த பிறகுதான். முகாம்களில் நடந்த கொடூரம் அப்போதே தெரிந்திருந்தால் இந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது என்று 1964-இல் வெளிவந்த தமது சுயசரிதையில் சாப்ளின் எழுதினார். உலகமே கைதட்டிய ஜோக், சொன்னவருக்கே தொண்டையில் சிக்கியது.

வெட்டிய வசனம், வெட்டாத வசனம்

எர்ன்ஸ்ட் லூபிட்ச் பெர்லினில் பிறந்த யூதர். 1922-இல் ஹாலிவுட்டுக்குப் போனவர். 1935-இல் நாஜி அரசு அவருடைய ஜெர்மன் குடியுரிமையைப் பறித்தது. அவர் இயக்கிய 'டு பி ஆர் நாட் டு பி' 1942-இல் வெளியானது. நாஜிகள் பிடித்துவைத்திருக்கும் வார்சா நகரத்தில் ஒரு நாடகக் குழு அவர்களை எப்படி ஏமாற்றுகிறது என்பதுதான் கதை.

அதில் ஒரு நாஜி அதிகாரி ஒரு போலந்து நடிகனைப் பற்றிப் பேசுவார். அவன் ஷேக்ஸ்பியரைப் படுத்திய பாட்டைத்தான் தாங்கள் இப்போது போலந்தைப் படுத்துகிறோம் என்பது அவர் சொல்வதன் பொருள். இதைக் கேட்டுப் பலர் கொதித்தார்கள். ஒரு நாடே அழிந்துகொண்டிருக்கும்போது இது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றார்கள். அதை நீக்கிவிடும்படி நெருங்கியவர்களே கேட்டும் லூபிட்ச் மறுத்துவிட்டார். தாம் கேலி செய்தது நாஜிகளையும், எந்த ஆபத்திலும் நடிகர்களாகவே இருக்கும் நடிகர்களையும்தான், போலந்து மக்களை அல்ல என்பது அவருடைய பதில்.

ஆனால் வேறொரு வசனம் நீக்கப்பட்டது. விமானத்தில் போனால் அப்படி என்ன ஆகிவிடப் போகிறது என்று கதாநாயகி சாதாரணமாகக் கேட்பதாக வரும் வசனம் அது. அந்த வேடத்தில் நடித்த கரோல் லொம்பார்ட், படம் வெளிவருவதற்கு முன்பே, 1942 ஜனவரி 16-இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். வயது 33. எழுதியபோது யாருடைய மனதையும் நோகடிக்காத வரி, ஒரே நாளில் திரையில் ஒலிக்கவே முடியாத வரியாகிவிட்டது.

கத்தி மேல் நடந்த சிரிப்பு

அமெரிக்காவில் உட்கார்ந்து ஹிட்லரைக் கேலி செய்தவர்களுக்கு வசூல் கிடைத்தது. ஜெர்மனிக்குள் கேலி செய்தவர்களுக்கு? பெர்லின் வானொலிக் கோபுரத்தின் உச்சியில் ஹிட்லரும் கோரிங்கும் நிற்கிறார்களாம். பெர்லின் மக்களைச் சந்தோஷப்படுத்த ஏதாவது செய்யவேண்டும் என்கிறாராம் ஹிட்லர். "அப்படியானால் இங்கிருந்து குதியுங்களேன்" என்கிறாராம் கோரிங். ஆயுதத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த ஒரு பெண் 1944-இல் இந்த ஜோக்கைச் சொன்னார். போரில் கணவனை இழந்தவர் அவர். அதற்காகவே நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. தண்டனையும் நிறைவேறியது.

இதைவிடச் சிக்கலானது நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாம். ஏறக்குறைய ஒரு லட்சம் யூதர்கள் இங்கிருந்துதான் கிழக்கே இருந்த கொலை முகாம்களுக்கு ரயிலில் அனுப்பப்பட்டார்கள். ஆன் ஃபிராங்க்கின் குடும்பமும் அப்படிப் போனதுதான். பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் ரயில் கிளம்பும். இதே முகாமில் மாக்ஸ் எர்லிக் என்ற புகழ்பெற்ற நகைச்சுவை நடிகரும் கைதி. அவரும் சக கலைஞர்களும் மேடையேறிப் பாடி, ஆடி, சிரிக்க வைத்தார்கள். முன்வரிசையில் முகாம் தளபதி. பின்னால் கைதிகள். சிரிக்க வைக்கும்வரை தங்கள் பெயர் ரயில் பட்டியலில் வராது என்ற நம்பிக்கை கலைஞர்களுக்கு. 1944-இல் அவர்கள் பெயரும் வந்தது. எர்லிக் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

கவனிக்கவேண்டியது, அந்த நிகழ்ச்சியைப் பற்றிக் கைதிகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. சிலருக்கு அது ஒரு மணி நேர விடுதலை. சிலருக்கோ, காலையில் ரயில் ஏறிப்போனவர்களுக்குச் செய்யும் துரோகம். இரண்டு பேருமே பாதிக்கப்பட்டவர்கள். இதில் யார் சரி, யார் தவறு என்று தீர்ப்புச் சொல்ல வெளியாளுக்கு என்ன தகுதி இருக்கிறது?

காலம் ஆற்றுமா?

காலம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். 1997-இல் வந்த இத்தாலியப் படம் 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்'. முகாமில் ஒரு தந்தை தன் சிறுவனிடம் இதெல்லாம் விளையாட்டு என்று சொல்லிக் காப்பாற்றும் கதை. மூன்று ஆஸ்கர் விருதுகள் வாங்கியது. இயக்கி நடித்த ராபர்ட்டோ பெனினியின் தந்தையே ஜெர்மன் முகாமில் இரண்டு ஆண்டுகள் கிடந்தவர். அப்படியும், முகாம் இவ்வளவு இனிப்பாக இருந்ததா என்று கோபப்பட்டவர்கள் உண்டு. ஐம்பது ஆண்டுகள் போதவில்லை.

ஆக, சோகத்தை வைத்து ஜோக் சொல்லலாமா கூடாதா என்று ஒரே வரியில் சட்டம் போட முடியாது. அடி யார் மேல் விழுகிறது என்று பார்க்கலாம். கோபுரத்திலிருந்து குதிக்கச் சொன்ன ஜோக்கில் அடி விழுந்தது கொன்றவன் மேல். அதே கோபுரத்திலிருந்து விழுந்து செத்தவனைப் பற்றிச் சொன்னால், அடி விழுவது செத்தவன் மேல். ஆனால் இந்த அளவுகோலும் முழுதாகப் போதாது. லூபிட்ச் குறிவைத்தது நாஜிகளைத்தான். வலித்தது போலந்தை நினைத்து வருந்தியவர்களுக்கு. நல்ல எண்ணத்தோடு சொன்னேன் என்பது சொன்னவருக்கு ஆறுதலாக இருக்கலாம், கேட்டவருக்கு மருந்தாகாது.

ஜோக் சொல்கிற உரிமை சொல்கிறவருடையது. அது வலிக்கிறதா இல்லையா என்று சொல்கிற உரிமை கேட்பவருடையது. ஹிட்லரைக் கேலி செய்ய யாரிடமும் அனுமதி கேட்காத சாப்ளின், 24 ஆண்டுகள் கழித்துத் தமது ஜோக்கைத் திரும்பிப் பார்த்தார். அப்படித் திரும்பிப் பார்ப்பதால் படத்தின் மதிப்பு ஒரு துளியும் குறைந்துவிடவில்லை.