சுவருக்குள் மறைந்த சிற்பங்கள்

ஐரோப்பாவின் கோதிக் பேராலயங்களுக்கு வெளிச்சுவர்ச் சிற்பங்களே முகம். பிரான்சின் சார்த்தர் பேராலயத்து மேற்கு வாயிலில், பன்னிரண்டாம் நூற்றாண்டிற் செதுக்கப்பட்ட அரசரும் அரசியரும் தூண்களோடு தூண்களாக நிற்கின்றனர். கூரை விளிம்புகளில் வாய்பிளந்து நிற்கும் விலங்குருவங்கள், மழைநீர் சுவரிற் படாதவாறு அப்பால் உமிழ்கின்றன. எமது கோயில்களின் கோமுகியை ஒத்த ஏற்பாடு இது.

யாழ்ப்பாணத்தின் பழைய தேவாலயங்களில் இவ்வாறான சிற்பங்களைக் காணோம். காரணங்கள் இரண்டு. குடாநாடு சுண்ணக்கற் பூமி, கருங்கல் இங்கில்லை. முருகைக்கல்லை அடுக்கிச் சாந்து பூசியே சுவர் எழுப்பினர். துளைகள் மலிந்த அக்கல் நுண்ணிய உளிவேலைக்கு இசையாது. மற்றையது சமயம். ஒல்லாந்தரின் சீர்திருத்தத் திருச்சபை உருவங்களை ஏற்காதது. கோட்டையினுள் 1706இல் அவர்கள் சிலுவை வடிவிற் கட்டிய ஆலயம் அலங்காரமற்ற வெண்சுவர்களோடு விளங்கியது.

ஆயினும் அக்கோட்டையில் செதுக்கிய கற்கள் இல்லாமலில்லை. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேரா, 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். இடித்த கோயில்களின் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன என்பர் வரலாற்றாசிரியர். கோட்டையினுட் கிடைத்த தூண்துண்டொன்றில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்ச் சாசனம் காணப்பட்டது, பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து வெளியிட்டார். சார்த்தரில் ஊரறிய நின்ற சிற்பம், இங்கே வெறும் கட்டடக் கல்லாகிச் சாந்துக்குள் மறைந்தது.

1990ஆம் ஆண்டின் முற்றுகைப் போரும் அதன் பின்விளைவுகளும் ஒல்லாந்தர் ஆலயத்தை இடிபாடாக்கின. 2009இற் போர் முடிந்தபின் நெதர்லாந்தின் நிதியுதவியுடன் கோட்டை புனரமைப்புத் தொடங்கியது.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். கோயிற் கல்லைப் பிரித்தெடுப்பதற்காகச் சுவரை உடைப்பது ஓர் அழிவு. சுவரைச் செப்பனிடுவதாகக் கல்லை மீண்டும் சாந்தால் மூடுவது மற்றோர் அழிவு. வெளிப்படும் ஒவ்வொரு கல்லையும் அது கிடந்த இடத்தோடு படம்பிடித்துப் பதிவுசெய்தல் வேண்டும். கோயிலைக் கட்டியவன் கதையும், அதை இடித்தவன் கதையும் அந்த ஒரே கல்லில்தான் இருக்கின்றன. ஒன்றை அழித்து மற்றதைக் காக்க இயலாது.