பிஸ்டன் தலையில் பிறைப் பள்ளம்

1932இல் ஃபோர்டு தன் வி8 எஞ்சினைக் கொண்டுவந்தபோது வால்வு பிஸ்டனில் இடிக்கும் தொல்லை கிடையாது. வால்வுகள் பிளாக்குக்குள்ளேயே, சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்தன. மேலே போட்ட ஹெட் வெறும் மூடிதான். தெற்குக் கலிஃபோர்னியாப் பையன்கள் அந்த எஞ்சினைப் பிரித்துப் பெரிய வால்வு மாட்டினார்கள், வால்வைத் தூக்கும் கேமை அரைத்து மாற்றினார்கள், மியூராக், எல் மிராஜ் வறண்ட ஏரிகளில் கொண்டுபோய் விரட்டினார்கள். வால்வு எவ்வளவு உயரம் எழுந்தாலும் பிஸ்டனுக்கு ஒரு கவலையும் இல்லை. அவர்கள் செதுக்கியதெல்லாம் பிளாக்கைத்தான்.

வால்வு பிஸ்டனுக்கு நேர் மேலே குடிபுகுந்த பிறகுதான் சண்டை. ஸோரா ஆர்க்கஸ்-டன்டோவ் 1947இல் அதே ஃபோர்டு எஞ்சினுக்கு ‘அர்டன்’ என்ற ஓவர்ஹெட் வால்வு ஹெட்டைச் செய்தார். சூடேறித் தவித்த லாரிகளுக்காக யோசித்தது, பந்தயக்காரர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1949இல் காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபைலும் அதே வழிக்கு வந்தன. 1955இல் ஷெவர்லே 265 கன அங்குல வி8. விலை மலிவு, ஊரெல்லாம் கிடைத்தது. அதோடு, பிளாக்குக்குள் வால்வு வைத்த ஃபோர்டு பிளாட்ஹெட்டின் ராஜ்யம் ஆட்டம் கண்டது.

நான் கோவையில் ரீபோரிங் பட்டறை வைத்திருந்தவன். என் மேஜைக்கு வந்தவை பெரும்பாலும் டீசல் எஞ்சின்கள். அவற்றில் பலவற்றுக்குக் கம்பெனிக்காரனே பிஸ்டன் தலையில் வால்வுக்குப் பள்ளம் போட்டு அனுப்பிவிடுவான். அமெரிக்காவில் அதைக் கராஜில் நின்றுகொண்டு தாங்களே வெட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தபோதுதான் இந்தச் சரித்திரத்தில் எனக்கு ஆசை வந்தது.

எங்கே இடிக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். புகையைத் தள்ளிக்கொண்டு பிஸ்டன் மேலே வரும்போது எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் முழுக்க மூடியிருக்காது. இன்லெட் அதற்குள் திறக்க ஆரம்பித்திருக்கும். டாப்புக்கு, அதாவது பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு, பத்து டிகிரி முன்னால் பிஸ்டன் எக்ஸாஸ்ட் வால்வைத் துரத்துகிறது. டாப் தாண்டிப் பத்து டிகிரியில் இன்லெட் வால்வு பிஸ்டனைத் துரத்துகிறது. ஸ்பிரிங் கொஞ்சம் அசந்தாலும் முதலில் அடிபடுவது எக்ஸாஸ்ட். அதனால்தான் இன்லெட்டுக்கு எண்பது தௌ, எக்ஸாஸ்ட்டுக்கு நூறு தௌ விடு என்று பழக்கம் ஏற்பட்டது. தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மில்லிமீட்டரில் சொன்னால் இரண்டு, இரண்டரை.

1957இல் வந்த ஷெவர்லே 283 எஞ்சினின் போர், அதாவது சிலிண்டர் விட்டம், 98.4 மில்லிமீட்டர், இன்லெட் வால்வு 43.7. 1964இல் ஷெவர்லேயின் கொர்வெட் காரில் இருந்த 327 எஞ்சினுக்கு 51.3 மில்லிமீட்டர் இன்லெட் வால்வோடு ஒரு ஹெட் வந்தது. போல்ட் துளைகள் ஒன்றேதான். பழைய 283 மேல் அப்படியே உட்காரும். இந்த ‘உட்காரும்’தான் வினை. ஷெவர்லேயில் வால்வு 23 டிகிரி சாய்ந்திருக்கும். சின்ன வால்வின் அளவுக்கு எடுத்திருந்த பள்ளத்தின் விளிம்பைப் பெரிய வால்வின் விளிம்பு தாண்டிவிடும். கூடவே வால்வை அதிகம் தூக்கும் கேமும் போட்டால் கேட்கவே வேண்டாம்.

சோதனைக்கு வேண்டியது களிமண். பிஸ்டன் தலையில் ஒரு பட்டை ஒட்டி, வால்வில் ஒட்டாமல் இருக்க மேலே எண்ணெய் தடவி, கேஸ்கெட்டோடு ஹெட்டை முறுக்கி, கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச்சுற்று சுற்ற வேண்டும். நடுவில் இடித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், பலம் காட்டக் கூடாது. ஹெட்டைக் கழற்றினால் களிமண்ணில் வால்வின் முகம் பிறையாகப் பதிந்திருக்கும். பிளேடால் குறுக்கே அறுத்து, மிக மெலிந்த இடத்தை அளக்க வேண்டும். ஆழம் மட்டும் பார்த்தால் போதாது, வால்வைச் சுற்றிலும் ஐம்பது தௌ இடம் வேண்டும்.

வெட்டுவதற்கு, வசதி உள்ளவன் பிஸ்டனைக் கழற்றி மில்லிங் மெஷினில் சாய்த்துக் கட்டுவான். இல்லாதவன் சற்றுப் பெரிய பழைய வால்வின் தலையில் பல் செதுக்கி, வால்வு கைடு வழியாக விட்டு, கை டிரில்லால் சுற்றுவான். கோணமும் இடமும் தானாகவே சரியாக அமையும். சிலிண்டர் சுவரில் அலுமினியத் தூள் ஒட்டாமல் கிரீஸ் தடவி, பிறகு வழித்தெடுக்க வேண்டும். இந்த இரண்டாவது ஆளின் மூளையை நான் அதிகம் மெச்சுகிறேன்.

ஆனால் பள்ளம் எடுத்தால் கம்ப்ரஷன் குறையும், தலைத்தகடு மெலியும். வெட்டிய விளிம்பைக் கூராக விட்டால் அது சிவக்கச் சூடேறி, பிளக் பொறி விடும் முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். எமரித் தாளால் உருட்டிவிடாதவன் பிஸ்டனை ஓட்டை போட்டுக்கொள்வான். அத்தனையும் செய்த பிறகும் 283இல் அந்த வால்வு சிலிண்டர் சுவரை ஒட்டி நிற்கும், காற்று நுழையத் திணறும். என்னைக் கேட்டால் வீண் வேலை. 101.6 மில்லிமீட்டர் போர் உள்ள 327தான் அந்த ஹெட்டுக்குப் பிறந்த பிளாக்.

பிற்பாடு பள்ளம் எடுத்த ஃபோர்ஜ்டு பிஸ்டன்கள் கடையிலேயே விற்பனைக்கு வந்தன. களிமண்ணுக்கு மட்டும் ஓய்வில்லை. கம்ப்ரஷனை மீட்க ஹெட்டை முப்பது தௌ சீவினால், வால்வும் ஏறக்குறைய அவ்வளவு கீழே இறங்கிவிடும். மறுபடி ஒட்டி அளக்க வேண்டியதுதான்.