முகம் காட்டாத குரல்

குழந்தையின் மழலையும் கொடுங்கோலரின் ஆணையும் ஒரே தொண்டையிலிருந்து எழுந்தன என்றால் நம்புவீர்களா? பீட்டர் ஹாக்கின்ஸ் என்னும் ஆங்கில நடிகரைப் பற்றியே சொல்கிறேன்.

லண்டன் மாநகரின் பிரிக்ஸ்டன் பகுதியில் 1924-இல் பிறந்தவர் அவர். 1952-இல் பி.பி.சி. தொலைக்காட்சி, பூந்தொட்டி மனிதர் இருவரைக் கொண்டு பொம்மலாட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. அவ்விருவருக்கும் பேச்சளித்தவர் ஹாக்கின்ஸ். எந்த அகராதியிலும் காணாத பேச்சு அது! குழந்தைகளின் மொழிப் பயிற்சியை அது கெடுக்கும் என்று பெரியோர் சிலர் கடிந்தனர், குழந்தைகளோ களித்தனர். என் மனம் குழந்தைகள் பக்கமே.

1963 டிசம்பரில் 'டாக்டர் ஹூ' தொடரில் டாலெக்குகள் தோன்றின. உலோகக் கூட்டினுள் வாழும் இரக்கமற்ற உயிர்கள் அவை. கூட்டினுள் அமர்ந்து நகர்த்தியோர் வேறு நடிகர். குரல் தந்தோர் ஹாக்கின்சும் டேவிட் கிரகாமும். ஒலிப் பட்டறையைச் சேர்ந்த பிரையன் ஹாட்ஜ்சன், அக்குரலை வினாடிக்கு 30 அதிர்வுடைய மின் அலையோடு கலந்து நடுங்கச் செய்தார். ஆயினும் அச்சத்தைக் கருவி மட்டும் படைத்துவிடவில்லை. சொற்களை அசை அசையாக வெட்டி, சினத்தைப் படிப்படியாய் ஏற்றியது நடிகரின் நாவே. ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசும் எனக்கு இவ்வருமை நன்கு விளங்குகிறது; என் முகத்தையும் நீங்கள் காண்பதில்லை அல்லவா?

ஹாக்கின்ஸ் 2006-இல் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டிலேயே டாலெக்குகள் வேறொருவர் குரலில் மீண்டும் திரையேறியிருந்தன.